ஒன்பதாம் பக்கம்

1

போன வியாழக்கிழமை ஆபீசில் கேக் வெட்டினார்கள். மேலே நீல நிறத்தில் 'முறை' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. நம்மூர் வார்த்தைதான். ஒரு மென்பொருளின் பெயர். அது எங்கள் கம்பெனியின் சொந்தச் சரக்காகி ஒரு வருடம் முடிந்துவிட்டதாம், அதற்கு விழா. என் மேலாளர் மார்ட்டன் முதல் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். "இவன் இல்லையென்றால் இது நம் கைக்கு வந்தே இருக்காது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அந்தக் கேக்கைத் தின்றேன். மென்று, விழுங்கி, நன்றியும் சொன்னேன். இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் ஊரில் இதைப் படிக்கிற உங்களையும் ஏமாற்றியவன் ஆவேன். ஏற்கெனவே ஒருவனை ஏமாற்றிய கணக்கு என் தலையில் இருக்கிறது.

என் பெயர் முருகையன். வலங்கைமான் பக்கம். அப்பா ஊரார் வயலில் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்து, பிற்பாடு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். நான் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் பல வருடம் இருந்து, நெதர்லாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இங்கே நிலம் கடலுக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வீட்டில் படுக்க முடியும். எங்கள் கம்பெனி மதகுகளையும் பம்புகளையும் கம்ப்யூட்டரில் இயக்கும் வேலையைச் செய்கிறது. தண்ணீர் வரவில்லையே என்று ஏங்குகிற ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீரை விரட்டுகிற உத்தியோகம்.

2

சகாயராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் நாலு வருடம் ஒரே அறை. நான் சகாயம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் பூசை பார்த்துவிட்டு வரும்போது எனக்கும் சேர்த்துப் பரோட்டா கட்டிக்கொண்டு வருவான். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர்.

அவன் மாமனார் ஊர் கோடியக்கரை போகிற வழியில் இருக்கிறது. கடைமடை. ஆற்றில் வருகிற தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். மழை பொய்த்த வருடங்களில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை மணி நேரம், அடுத்தது அந்த வாய்க்கால் என்று ஒரு பட்டியல். அதில்தான் வருடா வருடம் சண்டை. மேலே உள்ளவன் மதகை மூட அரை நாள் தாமதித்தால் கீழே உள்ளவனுக்கு அன்றைய முறையே போய்விடும். கேட்டால் பட்டியலையே பார்க்கவில்லை என்பான்.

சகாயம் இதற்கு ஒரு மென்பொருள் எழுதி, 'முறை' என்றே பெயர் வைத்தான். எந்த மதகு எப்போது திறந்தது, எப்போது மூடியது, யாருக்கு எத்தனை மணி நேரம் பாக்கி என்று எல்லோருடைய போனுக்கும் ஒரே சமயத்தில் செய்தி போகும். மறைக்க முடியாது. அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டான். அதாவது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதை மறுபடி எல்லோருக்கும் கொடுக்கலாம். விலை இல்லை.

"ஏன்டா, வித்தா நாலு காசு வருமே" என்று நான் கேட்டதற்கு, "வாய்க்கால் வெட்டுறதுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போறோம்ல, அப்புறம் வாய்க்கால் என்னுதுன்னா சொல்றோம்? ஊருக்குப் பொதுவா இருக்கட்டும் விடு" என்றான்.

3

எங்கள் கம்பெனியில் இதே வேலைக்கு வெளியிலிருந்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு சின்னத் திருத்தம் கேட்டால் ஆறு மாதம் ஆகும். நான் சகாயத்தின் மென்பொருளை எடுத்து எங்கள் பம்புகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோடியக்கரைப் பக்கத்து வாய்க்காலுக்கு எழுதியது இங்கே அப்படியே பொருந்தியது. தண்ணீரைப் பங்கு வைப்பதும் தண்ணீரை முறை போட்டு வெளியேற்றுவதும் அடிப்படையில் ஒரே வேலைதான்.

ஆனால் மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் ஆனது. "இலவசமா? அப்படியானால் இதில் என்ன கோளாறு?" என்று முதல் கூட்டத்தில் கேட்டார்கள். "உடைந்தால் யாருக்குப் போன் செய்வது?" "யார்மேல் வழக்குப் போடுவது?" இந்த ஊரில் ஒரு சாமானை நம்ப வேண்டுமென்றால் முதலில் வழக்குப் போட ஆள் இருக்க வேண்டும். நான் டச்சு மொழியில் தட்டுத் தடுமாறிப் பதில் சொல்வேன். கோபம் வந்தால் அந்த மொழி என்னைச் சுத்தமாகக் கைவிட்டுவிடும். ஒரு முறை, "நம்பிக்கை வையுங்கள்" என்று சொல்ல நினைத்து "கும்பிடுங்கள்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன். நிதிப் பிரிவு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

கொள்முதல் பிரிவின் படிவம் இன்னொரு கூத்து. விற்பவர் பெயர் கேட்டது. விற்பவரே இல்லை. விலை கேட்டது. பூஜ்யம் போட்டால் சிவப்புக் கட்டம் வந்து 'விலையைச் சரியாகக் குறிப்பிடவும்' என்றது. அந்தப் பிரிவு ஊழியரிடம் போனால், "பூஜ்யம் என்று ஒரு விலை எங்களிடம் இல்லை" என்றார், ரொம்பப் பணிவாக. வலங்கைமான் தாலுகா ஆபீசில் பட்டா மாற்றத்துக்கு அலைந்த அனுபவம் இல்லாதவன் அன்றே விட்டுவிட்டுப் போயிருப்பான். நான் அலைந்தேன்.

என் பக்கம் பேசிய ஒரே ஆள் மார்ட்டன். அவன் ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்காக வாதாடினான். எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். என் மனைவி செல்வி வைத்த வத்தக்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய நன்றாக இருக்கிறது என்றவன். நல்லவன் என்று நினைத்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்பதெல்லாம் உலகம் முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

பிறகு ஒரு புயல் வந்த பகலில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் படுத்துக்கொண்டது. நான் சகாயத்தின் மென்பொருளை ஓட்டிக் காட்டினேன். பம்புகள் முறைப்படி ஓடின. அந்த வாரமே மேலிடம் சரி என்றது. ஒரே ஒரு நிபந்தனை, எழுதியவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

4

பதினான்கு பக்கம். சட்ட ஆங்கிலம். மார்ட்டன் அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தான். "வெறும் சம்பிரதாயம். எங்கள் வக்கீலுக்குக் காகிதம் பிடிக்கும். மென்பொருள் எப்போதும் போலத் திறந்தே இருக்கும், அதற்கு நான் வாக்குத் தருகிறேன்" என்றான். நான் மூன்று பக்கம் படித்தேன். நாலாவது பக்கத்தில் கண் சொருகியது. கடைசிப் பக்கத்துக்குத் தாவிக் கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்தேன். இரண்டு வருடம் முட்டி மோதித் திறந்த கதவு, மறுபடி மூடிவிடுமோ என்கிற அவசரம் எனக்கு.

சகாயத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான்.

"பெரிசா இருக்கேடா. நீ படிச்சியா?"

"படிச்சேன்டா. ஒண்ணும் இல்ல. ஃபார்மாலிட்டி."

"நீ படிச்சா சரி. எங்க போடணும் சொல்லு."

அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, பைக் சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டான்.

சகாயம் ஏமாளி இல்லை. நிலத்துக் காகிதம் என்றால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படிப்பான். மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எல்லையைத் தப்பாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தவனே அவன்தான். ஆனால் நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்நியன் நீட்டுகிற காகிதத்தைத்தான் படிப்போம். நம்ம ஆள் நீட்டினால் படிக்க மாட்டோம். படித்தால் அவனைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும். கூடப்பிறந்தவன் நீட்டிய பத்திரத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் நம் தாலுகாவில். மரியாதை என்று நினைத்துச் செய்கிற தப்பு அது. சகாயம் அந்த மரியாதையை எனக்குக் கொடுத்தான். நான் அதை அப்படியே மார்ட்டனுக்குக் கொடுத்தேன். மார்ட்டனுக்கு அது மரியாதை என்றே தெரியாது.

அதோடு விட்டேனா. "உங்க காலேஜ் பழைய கம்ப்யூட்டர்ல எதுக்குடா ஓட்டுறே, எங்க கம்பெனி சர்வர்லயே வச்சுக்க, சும்மாவே தர்றாங்க" என்று சொல்லி, அவன் மாமனார் ஊர் விவசாயிகள் சங்கத்தின் பட்டியலையும் இங்கே மாற்றிக் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன்.

5

ஒன்றரை வருடம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் மார்ட்டன் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டான். புதிய பதிப்பு மூடப்படும், இனி அது கம்பெனியின் பொருள், விற்கப் போகிறோம் என்றான். 'முறை' என்கிற பெயரையும் பதிவு செய்துவிட்டார்களாம்.

"நீ வாக்குக் கொடுத்தாய்" என்றேன்.

"கொடுத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். முடிவு எடுத்தது நிர்வாகக் குழு. நாம் எழுதாத எதையும் செய்யவில்லை. ஒன்பதாம் பக்கத்தைப் பார்" என்றான். குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. மழை வரும் என்று சொல்கிற குரல்.

பார்த்தேன். மென்பொருளின் உரிமையும் பெயரும் முழுவதுமாகக் கம்பெனிக்கு மாற்றித் தரப்படுகிறது என்று தெளிவாக இருந்தது. ஒளித்துக்கூட வைக்கவில்லை. படித்தவனுக்குத் தெரியும்படிதான் எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம் நான் இவர்களைச் சம்மதிக்க வைத்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். எதைத் தங்களுடையதாக்கிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குப் புரிந்த அன்றுதான் சம்மதித்திருக்கிறார்கள். நான் வெறும் தரகன்.

உடனே சகாயத்திடம் சொன்னேனா என்றால், இல்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தே மூன்று வாரத்தைக் கழித்தேன். மார்ட்டனிடம் சங்கத்தின் கணக்கையாவது விட்டுவையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பார்க்கிறேன் என்றான். பார்க்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை எனக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பேசியவர் பக்கிரிசாமி, சகாயத்தின் மாமனார் ஊரில் விவசாயிகள் சங்கத் தலைவர். ஒரு காலத்தில் பண்ணையாளாக இருந்த குடும்பம், இப்போது நாலு வேலி, இருபத்தாறு ஏக்கர் சொச்சம், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். நான் நேரில் பார்த்ததில்லை.

"தம்பி, வெளிநாட்டுல இருக்குற சகாயத்தோட சினேகிதர் நீங்கதானுங்களே?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நாலு நாளா போன்ல பட்டியலே வர்லீங்க. தொறந்தா, சாவி எண்ணைப் போடுங்குது. எங்ககிட்ட ஏதுங்க சாவி? நம்ம முறை வந்ததே தெரியல. மேல உள்ளவன் மதகைத் தூக்கி வச்சுட்டான், கேட்டா, எங்க போன்லயும் ஒண்ணும் வர்ல, எப்புடித் தெரியும்ங்கிறான். அவனைச் சொல்லியும் குத்தமில்ல. கதிர் வர்ற நேரம் தம்பி. இப்ப தண்ணி கட்டலன்னா பால் பிடிக்காது, மொத்தமும் பதராப் போயிரும். அந்தச் சாவியை மட்டும் கொஞ்சம் சொல்லிட்டீங்கன்னா போதும்."

என்னிடம் சாவி இல்லை. மார்ட்டனிடம் ஓடினேன். விடுமுறையில் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தான். விற்பனைப் பிரிவில், சந்தா கட்டாதவர்களுக்குத் திறந்துவிட அதிகாரம் இல்லை என்றார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். ஐந்து வேலை நாள் ஆகுமாம். நடுவில் கிறிஸ்துமஸ்.

பக்கிரிசாமி மறுபடி போன் செய்யவில்லை. சங்கத்துக்காரர்கள் வயலில் எண்பது ஏக்கருக்கு மேல் அந்த வருடம் பதர். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டுகிற அளவுக்கு அவருக்கு நான் பழக்கமில்லை.

6

சகாயம் பொங்கலுக்கு முதல் வாரம் பேசினான். அன்றுதான் அந்தப் பதினான்கு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தானாம்.

"ஒன்பதாம் பக்கத்துலயே இருக்குடா."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

நான் சொன்னேன், பட்டியல் நிற்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே என்று. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"படிச்சேன்னு சொன்னியேடா முருகா."

"மூணு பக்கம் படிச்சேன்."

"மூணு பக்கம்னு சொல்லியிருந்தா மிச்சத்தை நான் படிச்சிருப்பேன்ல" என்றான். கத்தவில்லை. மாமனார் வீட்டில் மச்சினன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சங்கத்தில் எல்லோரும் இவன்தான் வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டான் என்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அன்று சாப்பாட்டு மேசையில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் மார்ட்டன் என்று செல்வியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் கயல்விழிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் பேசினால் அவள் டச்சில் பதில் சொல்வாள், அது பழகிவிட்டது. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆனால் எழுதியிருந்தது இல்லையா அப்பா? நீங்கள் ஏன் படிக்கவில்லை?" என்றாள்.

"அவன் வாக்குக் கொடுத்தான்மா."

"வாக்கு என்றால் அதை எழுதிக் கேட்டிருக்க வேண்டும். நான் பள்ளிச் சுற்றுலாப் படிவத்தையே முழுக்கப் படிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்து, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "நண்பர் என்றால் ஏன் படிக்கக் கூடாது?"

என் பெண் மார்ட்டன் பக்கம் நிற்கிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அவள் யார் பக்கமும் நிற்கவில்லை, இந்த ஊர்ப் பிள்ளையாகப் பேசினாள். செல்விதான், "எதுத்துப் பேசாம சாப்பிடு" என்று அவளை அடக்கினாள். தப்பு அவளுடையது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டுக் கடன் இருக்கிறது. கயல் இங்கேதான் படிக்கிறாள். ஐம்பதைத் தொடுகிற வயதில், தடுமாறுகிற டச்சோடு யார் வேலை தருவார்கள். இதெல்லாம் உண்மைதான். உண்மையாக இருப்பதால் கௌரவமாக ஆகிவிடாது.

7

சகாயம் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்துக்கு முன்னால் வெளியான பழைய பதிப்பு இருந்தது. ஊருக்குப் பொதுவாகக் கொடுத்ததைக் கொடுத்தவனே கூடத் திரும்பப் பிடுங்க முடியாது, அதுதான் ஓப்பன் சோர்ஸின் பலம். அதிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. தன் பெண்டாட்டி ஊர் வார்த்தையைத் தன் மென்பொருளுக்கு வைக்க அவனுக்கு உரிமையில்லை. 'கடைமடை' என்று வைத்திருக்கிறான். காலேஜ் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. இந்தச் சம்பாவுக்குச் சங்கத்தில் அதைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள் என்று இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவன் சொல்லவில்லை.

கேக் தின்ற மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்த மென்பொருளை எடுத்து வரி வரியாகப் படித்தேன். இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். ஒரு பிழை கண்ணில் பட்டது. முறை நடக்கும்போது பாதியில் மதகை மூடிவிட்டால், மிச்சமுள்ள மணி நேரம் கணக்கில் வராமல் போகிறது. கடைமடைக்காரனுக்குத்தான் அது நட்டம். காலையில் உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை அதைத் திருத்தி, பத்து விதமாகச் சோதித்துப் பார்த்து, சகாயத்துக்கு அனுப்பினேன். மன்னிப்பு என்று எதுவும் எழுதவில்லை. வேலையாகச் செய்து கொடுத்தால் அவனுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. திருத்தம் அனுப்புகிற யாராக இருந்தாலும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம், புதிதாக வைத்த விதி. எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். நீங்கள் எழுதுவதற்கு அந்த நிறுவனம் உரிமை கோர முடியுமா. கீழே, 'எல்லாருக்கும் இதே கேள்விதான்' என்று ஒரு வரி.

நான் என் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதும் எந்த மென்பொருளும், ஆபீசில் எழுதினாலும் வீட்டில் எழுதினாலும், விடுமுறை நாளில் எழுதினாலும், கம்பெனிக்கே சொந்தம். பன்னிரண்டு வருடம் முன்னால் சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. கம்பெனி பெயரை எழுதினேன். இரண்டாவது கேள்விக்கு, முடியும் என்று எழுதினேன். இந்த விஷயத்தில் காலம் தாழ்த்தாமல் நான் அவனிடம் சொன்ன முதல் முழு உண்மை அதுதான்.

அரை மணி நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்தது.

"நல்லா எழுதியிருக்கேடா. பார்த்தேன். ஆனா சேர்த்துக்க முடியாது. நாளைக்கு இதுலயும் சாவி கேப்பாங்க. பிழை எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, நாங்களே வேற மாதிரி எழுதிக்கிறோம். இனிமே எதுவும் அனுப்பாதே முருகா."